வாசலுக்கு வெளியே நார்ப் பலகை தாங்குமா?

(மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கற்போர் வட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



கொழுந்து எடை போட்ட கையோடு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் கால் வலி எனக்குத் தெரியும். என் அம்மாவும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பலகை மாதிரி கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் தொட்டுப் பார்த்தீர்கள். "இது தேங்காய் நார்ப் பலகை. மரம் மாதிரியே அறுக்கலாம், இழைக்கலாம், ஆணி அடிக்கலாம். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆயுசுக்கும் அழியாது" என்று சொன்னார். விலையும் மரத்தைவிடக் குறைவு.

நம் குழுவில் பதினான்கு வீடுகளுக்குக் கக்கூஸ் கதவு போட வேண்டும். இந்த மையத்துக்கு வெளியே உட்கார இரண்டு பெஞ்சு வேண்டும். எல்லாம் வாரா வாரம் நீங்கள் சேர்த்த பணம். வரும் புதன்கிழமை கூட்டத்தில் முடிவு எடுக்கப் போகிறோம். ஜூன் மாதம் பெரிய மழை தொடங்கிவிடும்.

"நீதானே படித்த பிள்ளை, விசாரித்துச் சொல்லு" என்று குழுச் செயலாளர் அக்கா என்னிடம் விட்டுவிட்டார். நான் பன்னிரண்டாவது வரைதான் படித்தவள். பலகை பற்றிப் படித்தவள் இல்லை. டவுனில் உள்ள ஆசாரியிடம் கேட்டேன். நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததைவிட, என் வீட்டுக் கதவு எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்பு எங்கள் கக்கூஸுக்குக் கதவு போட்டோம். அம்மா குழுவில் கடன் வாங்கினார். டவுனில் ஒரு கடையில் வழுவழுப்பான கதவு இருந்தது. மேலே மரக்கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது. கடைக்காரர் "வாட்டர் புரூஃப்" என்றார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தோம். முதல் மழையில் கதவின் அடிப்பக்கம் கொஞ்சம் தடித்தது. நாங்கள் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது மழையில் கதவு நிலையில் இறுகி நின்றது. திறக்க ஆள் வேண்டும், மூடவும் ஆள் வேண்டும். அப்புறம் கீழ்ப்பக்கம் ரவை உப்புமா மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு நாள் காலையில் அதிலிருந்து காளான் முளைத்திருந்தது. தம்பி சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அந்தக் கதவின் கடன் அப்போது இன்னும் அடையவில்லை.

கதவைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன். அதன் பக்கவாட்டில், கீல் மறைக்கும் இடத்தில், சின்ன முத்திரை இருந்தது. ஆங்கிலத்தில் 'இன்டீரியர்' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு உள்ளே பயன்படுத்துவதற்கு என்று அர்த்தம். அம்மாவுக்கு அன்று எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். வாங்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். மரக்கோட்டைப் பார்த்தேனே தவிர, முத்திரையைப் பார்க்கவில்லை.

அது நார்ப் பலகை இல்லை. மரத்தூளையும் சீவலையும் பிசின் போட்டு அழுத்திய பலகை. பார்ட்டிக்கிள் போர்டு என்பார்கள். ஆனால் அது ஏன் கெட்டது என்று தெரிந்தால், நார்ப் பலகை எங்கே கெடும் என்பதும் தெரியும்.

இதோ, இந்த வாளியைப் பாருங்கள். நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு இதில் மூன்று துண்டுகளைப் போட்டு, மேலே கல் வைத்திருக்கிறேன். ஒன்று என் பழைய கதவின் மேல்பக்கத்தில், நல்ல இடத்தில் அறுத்தது. மற்ற இரண்டும் அந்த வியாபாரி விட்டுப்போன நார்ப் பலகைத் துண்டுகள். அதில் ஒன்றுக்கு மட்டும் எல்லாப் பக்கமும் இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தடிப்பைச் சுற்றித் தையல் நூல் கட்டியிருக்கிறேன். நூல் இழுத்தால் நகரும் அளவுக்குத்தான் கட்டினேன். கடைசியில் எடுத்துப் பார்ப்போம். அதுவரை யாரும் வாளியைத் தொட வேண்டாம்.

நார்ப் பலகை என்றால் என்ன? நம் ஊர்ப் பக்கம் மண்சுவர் வைப்பது பெரியப்பா எல்லோருக்கும் தெரியும். மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதிப்போம். வைக்கோல் இல்லாத மண் வெடிக்கும். மண் இல்லாத வைக்கோல் நிற்காது. வைக்கோல் இழுத்துப் பிடிக்கிறது. மண் அதை மூடிக் காக்கிறது. நார்ப் பலகையும் அப்படித்தான். வைக்கோலுக்குப் பதில் தேங்காய் நார் அல்லது சணல். மண்ணுக்குப் பதில் பிசின். இரண்டையும் சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். சில பலகைகளில் மேலும் கீழும் ரப்பர் மரத்தின் மெல்லிய ஏடு ஒட்டியிருக்கும். நடுவில் நார் இருக்கும்.

ஆகவே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். என்ன நார்? என்ன பிசின்?

முதலில் நார். எல்லா நாரும் ஒன்றல்ல. சணல் சாக்கை ஈர மண்ணில் போட்டு வையுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்து தூக்கினால் கையோடு கிழிந்து வரும். தேங்காய் நார் அப்படி இல்லை. ஆலப்புழைப் பக்கம் தேங்காய் மட்டையைக் காயல் தண்ணீரில் ஆறு மாதத்துக்கும் மேலாக ஊறப் போடுவார்கள். மட்டையில் உள்ள சோறு அழுகிப் போகும். நார் அழுகாது. அதை அடித்து எடுத்துத்தான் கயிறு திரிப்பார்கள். அத்தனை மாதம் அழுக்குத் தண்ணீரில் கிடந்த பிறகும் அந்தக் கயிறு மாட்டைக் கட்டும், தோணியைக் கட்டும்.

காரணம் லிக்னின் என்ற பொருள். மரத்துக்குக் கட்டித்தன்மை கொடுப்பது அதுதான். பூஞ்சணம் அதை எளிதாகத் தின்ன முடியாது. தேங்காய் நாரில் நூறு பங்குக்கு 40 பங்குக்கு மேல் லிக்னின் இருக்கிறது. சணலில் 12, 13 பங்குதான்.

அப்படியானால் வியாபாரி சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. வாய்க்கால் கரையிலும் குளத்துக் கரையிலும் வேலை உறுதித் திட்டத்தில் தேங்காய் நார் விரிப்பு விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண் சரியாமல் அது பிடித்துக்கொள்ளும். அதற்குள் புல் வேர் விடும். சில வருஷத்தில் நார் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். மக்க வேண்டும் என்றுதான் அங்கே அதை விரிக்கிறார்கள். மற்ற நாரைவிடத் தேங்காய் நார் மெதுவாக மக்கும். மக்கவே மக்காது என்று யாராவது சொன்னால், அந்த வாய்க்கால் கரைக்கு அவரை அழைத்துப் போங்கள்.

அடுத்தது பிசின். இதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வயதானவர்களுக்குத் தேயிலைப் பெட்டி ஞாபகம் இருக்கும். இப்போது காகித மூட்டையில் தூள் போகிறது. அந்தக் காலத்தில் பிளைவுட் பெட்டியில் போனது. நம் நாட்டில் பிளைவுட் தொழில் வளர்ந்ததே தேயிலைப் பெட்டிக்காகத்தான். எங்கள் பாட்டி ஒரு பழைய பெட்டியில் அரிசி வைத்திருந்தார். வீட்டுக்குள் இருந்தவரை அது நன்றாக இருந்தது. கோழி அடைக்கலாம் என்று ஒரு மழைக்காலத்தில் அதை வெளியே வைத்தார்கள். புத்தகத்தின் பக்கம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. மரம் மக்கவில்லை. ஒட்டியிருந்த பசைதான் விட்டுவிட்டது.

இப்போது பலகைகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பிசின் போடுகிறார்கள். ஒன்று யூரியா சேர்ந்த பிசின். வயலில் போடுகிற அதே யூரியாவிலிருந்து செய்வது. விலை மலிவு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது தாங்காது. மற்றொன்று பீனால் பிசின். விலை கூடுதல். நிறம் கருஞ்சிவப்பு. கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும். கப்பலுக்கும் படகுக்கும் என்று தயாராகும் பிளைவுட்டில் போடுவது இதைத்தான். ஐ.எஸ். 710 என்ற தர எண் உள்ள அந்தப் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்கிறார்கள். மூன்று பகல், மூன்று இரவு.

பலகையின் வெட்டுப் பக்கத்தில் கருஞ்சிவப்பு தெரிந்தால் பீனால் பிசினாக இருக்கலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சாயம் கலப்பதும் உண்டு என்று ஆசாரி சொன்னார்.

நல்ல பிசினுக்குள் நார் எவ்வளவு நாள் வாழும் என்பதற்கு ஓர் ஆச்சரியமான சாட்சி இருக்கிறது. பலகை இல்லை, கார்! கிழக்கு ஜெர்மனி என்று முன்பு ஒரு நாடு இருந்தது. அங்கே இரும்புத் தகடுக்குத் தட்டுப்பாடு. 1957 முதல் 1991 வரை டிராபன்ட் என்று ஒரு கார் செய்தார்கள். அதன் வெளிப்புறத் தகடுகள் இரும்பு இல்லை. பஞ்சாலைக் கழிவுப் பஞ்சைப் பீனால் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்தவை. பனியிலும் மழையிலும் ஓடின. அந்தத் தகடு துருப்பிடிக்காது. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம்தான் துருப்பிடித்தது. ஏறக்குறைய 30 லட்சம் கார்கள் செய்தார்கள். பிறகு வேண்டாம் என்று தூக்கிப் போட்டபோது, அதை எப்படி அழிப்பது என்பதே பெரிய தலைவலி ஆனது.

நம் பஞ்சு மெத்தை மழையில் ஒரு நாள் நனைந்தாலே நாறும். அந்தப் பஞ்சுதான் காராக முப்பது வருஷம் ஓடியது. நாருக்குள் தண்ணீர் போக வழியில்லாமல் பிசின் மூடியிருந்தது. மேலே பெயின்டும் இருந்தது.

ஆகக் கடைசியில் எல்லாம் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. மரமோ நாரோ, நூறு கிலோ காய்ந்த எடைக்கு ஈரம் 20 கிலோவுக்குக் கீழே இருந்தால் மக்க வைக்கும் பூஞ்சணம் பிடிக்காது. அதற்கு மேலே ஏறி, அப்படியே பல நாள் நின்றால் பிடிக்கும். என் கதவில் காளான் வந்தது கீழ்ப்பக்கம்தான். மேல்பக்கம் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறது. அதைத்தான் அறுத்து வாளியில் போட்டிருக்கிறேன்.

தண்ணீர் எங்கே நுழைகிறது? பலகையின் முகத்தில் அவ்வளவாக நுழைவதில்லை. அழுத்தும்போது முகம் இறுகி மூடிவிடுகிறது. வெட்டிய ஓரத்தில் நுழைகிறது. அங்கே நாரின் வாய் திறந்திருக்கிறது. ஸ்க்ரூ போட்ட ஓட்டையில் நுழைகிறது. கீல் பதிக்கக் குடைந்த இடத்தில் நுழைகிறது. தாழ்ப்பாள் இடத்தில் நுழைகிறது. ஆக, பலகை செய்தவர் மூடி அனுப்பியதை நாம்தான் திறந்து விடுகிறோம்.

தண்ணீர் போனதும் நார் ஊதுகிறது. பிசின் ஊதாது. வெயில் வந்ததும் நார் சுருங்குகிறது. பிசின் சுருங்காது. இப்படி ஊதி, சுருங்கி, ஊதி, சுருங்கி, நாருக்கும் பிசினுக்கும் நடுவே மயிரிழை மாதிரி இடைவெளி விழுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. ஒரே நாள் பெய்யும் பெருமழை பலகையைக் கொல்லாது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து வருகிற வருஷங்கள்தான் கொல்லும். நம் மலையில் அதற்குக் குறைவே இல்லை. காலையில் வெயில், பகலில் மூடுபனி, சாயங்காலம் சாரல்.

இரண்டாவது லயத்து அண்ணன் கேட்கிறார், "நாரோடு பிளாஸ்டிக்கைக் கலந்துவிட்டால்?" என்று. நல்ல கேள்வி. அப்படியும் செய்கிறார்கள். மரத்தூள், உமி இவற்றைப் பிளாஸ்டிக்கில் உருக்கிக் கலந்து பலகை செய்கிறார்கள். பிளாஸ்டிக் மூடியிருக்கிறது, இனிப் பூஞ்சணம் நெருங்காது என்றுதான் ஆரம்பத்தில் பலரும் நம்பினார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா என்ற இடத்தில், எவர்கிளேட்ஸ் என்று பெரிய சதுப்புநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே நடைபாதைக்கு அந்தப் பலகையைப் போட்டார்கள். அதிலும் பூஞ்சணம் முளைத்தது. 1998-இல் இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருந்த மரத்தூள் மெல்ல மெல்லத் தண்ணீரை உள்ளே இழுத்திருந்தது. அதன் பிறகு மரத்தூளைக் குறைப்பது, மருந்து சேர்ப்பது என்று திருத்தினார்கள். அந்தப் பலகை மோசம் என்று நான் சொல்லவில்லை. மரக்கதவைவிட நன்றாக நிற்பதும் உண்டு. 'ஆயுசுக்கும்' என்ற வார்த்தைதான் இடிக்கிறது.

வெயிலையும் சொல்ல வேண்டும். பூஞ்சணத்திலிருந்து நாரைக் காப்பாற்றுவது லிக்னின் என்று சொன்னேன் அல்லவா? அந்த லிக்னினை வெயில் தின்னும். பெயின்ட் அடிக்காத பலகை வெளியே நின்றால் முதலில் நிறம் வெளுத்துச் சாம்பலாகும். வெளுத்த தூளை மழை கழுவிக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் நார் மயிர் மாதிரி வெளியே நீட்டும். பிறகு அந்த நாரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே போகும்.

இப்போது எல்லோரும் அந்தச் சுவரைப் பாருங்கள். வெளியே தொங்கும் நம் அறிவிப்புப் பலகையைக் கழற்றி இங்கே சாய்த்து வைத்திருக்கிறேன். அதுவும் தேங்காய் நார்ப் பலகைதான். பலருக்குத் தெரியாது. ஆறு மழை பார்த்துவிட்டது. முன்னால் வந்து தடவிப் பாருங்கள். மேல் ஓரத்தில் தகரத்தை மடித்து அடித்திருக்கிறார்கள். அங்கே கல்லு மாதிரி இருக்கிறது. நடுவில் பெயின்ட் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. கீழ் ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், பெயின்ட் அடிக்கவே இல்லை. விரலை வைத்தால் ஏடு பிரிந்திருப்பது தெரியும். வலது மூலையில் ஆணி பெயர்ந்து விழுந்த ஓட்டை. அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஊதியிருக்கிறது. ஒரே பலகை, ஒரே மழை. ஓரத்துக்கு ஓரம் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? மரக்கதவே போட்டுவிடலாமே" என்று அம்மா வீட்டில் கேட்டார். பலாவோ தேக்கோ கிடைத்தால் நானும் அதைத்தான் சொல்வேன். கிடைக்கும் விலையிலா இருக்கிறது? 1993-இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் போடுவதையே நிறுத்தியது. அந்தத் தடை 2020-இல்தான் நீங்கியது. நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. முறையான அனுமதி இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. காட்டுக்கு அது நல்லது. நமக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கும் நல்லது. ஆனால் கதவு வேண்டுமே! தேங்காய் நாரும் மூங்கிலும் பலகையாக மாறியதற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். பெங்களூரில் உள்ள பிளைவுட் ஆராய்ச்சி நிலையம் மூங்கில் பாயைப் பீனால் பிசினில் நனைத்து அழுத்தி, கூரைக்குப் போடும் நெளி தகடுகூடச் செய்தது. மலிவான ரப்பர் மரத்தைச் சும்மா போட்டால் பூச்சி அரிக்கும். போரான் மருந்து ஏற்றித்தான் போட வேண்டும். மரம் என்றாலே உறுதி என்பதும் இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் புதன்கிழமை சொல்லுங்கள்.

பெஞ்சுக்கு வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெஞ்சுக்கு மேலே கூரை இல்லை. கால்கள் மண்ணில் நிற்கும். மண்ணைத் தொட்ட இடத்தில் எப்போதும் ஈரம் இருக்கும், கரையானும் இருக்கும். அங்கே எந்த நார்ப் பலகையையும் வைக்கக் கூடாது. கல் பெஞ்சு போடலாம். சிமென்ட் தூணில் கல் பலகை வைத்தால் நம் பேரப்பிள்ளைகளும் உட்காருவார்கள்.

கதவுக்குப் போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சும்மா போடக் கூடாது.

முதலில் முத்திரை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நார் நடுவில் வைத்த ஒட்டுப் பலகைக்கு ஐ.எஸ். 14842 என்று எண். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் 'பொது உபயோகம்' என்றுதான் பொருள். 'மழையில் நிற்கும்' என்று பொருள் இல்லை. ஆகவே பிசின் பீனாலா, யூரியாவா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதை மழை கரைத்துவிடும். பில்லு இங்கே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். வாங்கப் போகும்போது என்னையோ, பிள்ளைகள் யாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். எண்களை நீங்களே படித்துவிடுவீர்கள். 1, 4, 8, 4, 2. போன மாதம் ரேஷன் கார்டு எண்ணைப் படித்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

பிறகு கொதிநீர்ச் சோதனை. கைப்பிடி அளவு துண்டு போதும். ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு, வெளியே அடுப்பு மூட்டி, சில மணி நேரம் கொதிக்க விடுங்கள். யூரியா பிசின் என்றால் பலகை பிரியத் தொடங்கும். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். வீட்டுக்குள்ளும் செய்யாதீர்கள். அந்த ஆவி கண்ணை எரிக்கும்.

கதவு வந்த பிறகுதான் நம் வேலை. கதவை ஆசாரி அளவுக்கு அறுத்து, ஓட்டை எல்லாம் போட்டு முடித்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் பெயின்ட் அடிக்க வேண்டும். முதலில் பெயின்ட், பிறகு அறுப்பது என்றால் அடித்த காசு வீண். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம், ஆறு பக்கமும் அடிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்துக் கதவு வில்லாக வளையும். கீழ் ஓரத்துக்கு மற்றதைவிட ஒரு பூச்சு அதிகம். கதவை மாட்டிய பிறகு கீழ் ஓரம் கைக்கு எட்டாது. அதனால்தான் எல்லோரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூ ஓட்டைக்குள் பெயின்டை விட்டு, ஈரம் காய்வதற்குள் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். துருப்பிடிக்காத ஸ்க்ரூ கொஞ்சம் விலைதான். ஒரு கதவுக்கு எத்தனை ஸ்க்ரூ போடப் போகிறோம்?

கதவின் அடிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கக்கூஸைக் கழுவி ஊற்றும் தண்ணீர் கதவைத் தொடக் கூடாது. எங்கள் கதவைக் கெடுத்தது மழை மட்டுமில்லை, தினமும் நாங்கள் ஊற்றிய வாளித் தண்ணீரும்தான். அடிப்பக்கம் ஒரு முழ உயரத்துக்குத் தகடு அடித்தால் நல்லது. தகட்டுக்குப் பின்னாலும் பெயின்ட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதவுக்கு மேலே கூரைத் தகரம் நீட்டிக்கொண்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தகரம் குட்டையாக இருக்கும் வீடுகள் ஐந்து என்று எண்ணியிருக்கிறேன். அந்த ஐந்துக்கும் முதலில் கூரையை நீட்டுவோம்.

மூன்றாவது லயத்துப் பெரியம்மா கேட்கிறார், "இவ்வளவும் செய்தால் எத்தனை வருஷம் நிற்கும்?" என்று. பெரியம்மா, எண்ணிக்கை சொல்ல மாட்டேன். மே மாதம் கதவைத் தட்டிப் பார்த்து, பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு பூச்சு கொடுக்கிற வீட்டில் நீண்ட நாள் நிற்கும். கொடுக்காத வீட்டில் எங்கள் கதவு மாதிரி ஆகலாம். பதினான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் டப்பாவும் இரண்டு பிரஷும் குழுக் கணக்கில் வாங்கி, இந்த மையத்திலேயே வைக்கலாம்.

இன்னொரு விஷயம். அறுத்து மீந்த துண்டுகளை அடுப்பில் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் வெந்நீர் போட எல்லோரும் துண்டு தேடுவோம். நார்தானே என்று தோன்றும். அதில் இருப்பது பிசின், பெயின்ட். அந்தப் புகையைப் பிள்ளைகள் சுவாசிக்கக் கூடாது. அறுக்கும்போதும் ஆசாரி மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும்.

மணி ஆறாகிவிட்டது. வாளிக்கு வருவோம். பெரியப்பா, அந்தக் கல்லை எடுங்கள்.

இதோ என் பழைய கதவுத் துண்டு. நூலைப் பாருங்கள். சதையில் மோதிரம் இறுகின மாதிரிப் பதிந்திருக்கிறது. இழுத்தால் நகரவில்லை. இந்தப் பக்கம் அறுந்தே போய்விட்டது. இது பெயின்ட் அடிக்காத நார்ப் பலகை. நூல் இறுகியிருக்கிறது. பிடித்து இழுத்தால் கொஞ்சம் நகர்கிறது. ஓரத்தில் நகத்தால் அழுத்துங்கள், ஈரம் தெரிகிறதா? இது பெயின்ட் அடித்த துண்டு. நூல் நேற்று மாதிரியே ஓடுகிறது.

ஒரு நாள் சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. நார்ப் பலகைத் துண்டு இரண்டையும் இன்று இரவு அடுப்பங்கரை ஓரம் காய வைப்போம். நாளை மறுபடியும் வாளி. அப்புறம் மறுபடியும் காய வைப்போம். புதன்கிழமை வரை இப்படியே செய்யலாம். மையத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா காலையில் எடுத்துக் காய வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் நனைக்க இரண்டு பேர் வேண்டும். நூல் நகர்ந்ததா, இறுகியதா என்று அன்றன்றைக்கு அந்தக் கரும்பலகையில் தேதி போட்டு எழுத வேண்டும். யார் எழுதுகிறீர்கள்? அம்மா, நீங்கள் கை தூக்கினீர்களா? சரி, சாக்பீஸ் அந்த ஜன்னலில் இருக்கிறது.